குறிப்புரை

பெட்டி பதினொன்று. ஆழம் இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
பெயரைச் சொல்ல ஒப்பந்தம் விடாத
ஏதோ ஒரு தீவிலிருந்து கப்பலேறி வந்திருக்கிறது
மணிக்கட்டு மொத்தத்தில் ஒரு கல்லுருளை.

துவாஸில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஜன்னல் இல்லை.
ஏசி இரண்டு உண்டு. ஒன்று ஒழுகும்.
ரோஸ்லான் வைர ரம்பத்தில் கல்லை நெடுக்காக அறுக்கிறார்.
இடப்பாதி பொடியாக வேண்டும், விதி.
வலப்பாதி பெட்டியிலேயே கிடக்கும்
யாராவது பின்னால் சந்தேகப்பட்டால் காட்ட.

ஈரம் காயுமுன் பார்த்துவிட வேண்டும்.
அடியில் மயில்கழுத்து ஏறிய மஞ்சள், அது செம்பு.
மேலே தேன்பழுப்பில் துத்தநாகம்,
அதனூடே சதுரம் சதுரமாக ஈயம்.
மிச்ச இடமெல்லாம் பொன்போல் மினுக்கும் இரும்புக் கந்தகம்.
அதுதான் அதிகம்.
அதை யாரும் கேட்பதில்லை.

கடலடியில் எரிமலை மூச்சுவிட்ட இடம் இது.
முந்நூறு பாகை வெந்நீர்
பாறையைக் கரைத்துச் சுமந்துகொண்டு ஏறி
குளிர்ந்த கடலைத் தொட்ட நொடியில்
கையிலிருந்ததையெல்லாம் போட்டுவிட்டது.
கரும்புகை, புகைபோக்கி, சரிந்த புகைபோக்கிகளின் மேடு.
செம்பு சூட்டோடு சூடாக அடியில் இறங்கிற்று.
துத்தநாகம் கொஞ்சம் ஆறட்டும் என்று
தள்ளிப் போய் உட்கார்ந்தது.

பொடித்த துணுக்கில் அமிலம் ஒரு சொட்டு.
கூமுட்டை நாற்றம்.
எனக்குப் பழகிவிட்டது.
ரயிலில் பக்கத்தில் உட்காருபவருக்குத்தான் இன்னும் பழகவில்லை.

ராஃபிள்ஸ் பிளேசிலிருந்து ஜாஸ்லின் கோ அழைக்கிறாள்,
இந்த நேரத்துக்கும் தூங்காமல்.
"செம்பு எத்தனை சதவீதம்? ஆர்செனிக் இருக்கா?"
விடிந்தால் சொல்கிறேன் என்கிறேன்.

வைத்தபிறகுதான் கண்ணில் பட்டது.
இடப்பாதியின் உடைந்த முனையில் ஒரு வளையம்.
பென்சில் கனம்.
வளையத்துக்குள் இன்னொரு வளையம், நடுவில் வெள்ளைத் துளி.

புழு.
வெயில் என்று ஒன்று இருப்பதே தெரியாமல்
அந்த வெந்நீர் ஓரத்தில்
குழாய் கட்டிக் குடியிருந்தது.
புகைபோக்கி அதைச் சுற்றி வளர்ந்தது.
சதை போயிற்று.
சுவர் மட்டும் தாதுவாகி நிற்கிறது,
எத்தனை கோடி ஆண்டு என்று நான் எண்ணப்போவதில்லை.

ரோஸ்லான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.
வெகுநேரம் நிமிரவில்லை.
அரவை இயந்திரம் காலியாக ஓடிக்கொண்டிருந்தது.
பிறகு அவரே
வலப்பாதியை எடுத்துப் போட்டார்.

படிவத்தில் செம்புக்குக் கட்டம் உண்டு,
வெள்ளிக்கு, பொன்னுக்கு, விலை குறைக்கும் நஞ்சுக்கும் உண்டு.
குறிப்புரையில் எப்போதும்போல் 'இல்லை' என்று அடித்தேன்.
அழித்தேன்.
'இடத்துக்குப் பதில் வலம் அரைக்கப்பட்டது. காரணம்:'
அதற்குமேல் விரல் ஓடவில்லை.
அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஜூரோங் வெஸ்ட், ஒன்பதாம் மாடி.
கம்பிக்கதவில் பித்தளைப் பூட்டு.
கடலடியில் மனம் ஒப்பாமல் பிரிந்த செம்பும் துத்தநாகமும்
இங்கே ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன.
இரவு மழையில் இறுகியிருந்தது,
மூன்றாம் திருகலில்தான் திறந்தது.
சாவியை மோந்து பார்த்தேன்.
கூமுட்டை.
என் கைதான்.