பல்தடம்

சிசிமியூத்திலிருந்து ஆண்டுக்கு இருமுறை
படகில் வருவேன் இத்தில்லேக்குக்கு.
பள்ளிக்கூடத்து மேசையை ஓரம் தள்ளி
விளக்கைப் பொருத்தி
நாற்காலியைச் சாய்த்துவிட்டால்
அதுதான் என் மருத்துவமனை.
சின்ன ஊர்.
எல்லா வாயும் எனக்குத் தெரியும்,
முகம்தான் சில சமயம் மறந்துபோகும்.

இம்முறை உதவிக்கு வந்தவன் தோர்கில்,
ஆர்ஹுஸில் மூன்றாம் ஆண்டு மாணவன்,
கறி தொடாதவன்,
பை நிறைய வறுத்த கொண்டைக்கடலை.
படகிலேயே தொடங்கிவிட்டான்:
நம் தாடையைப் பாருங்கள் டாக்டர்,
பக்கவாட்டில் அரைக்கிறது, பசுவைப் போல.
இதெல்லாம் ஒரு கோரைப்பல்லா?
காட்டினால் பூனை சிரிக்கும்.
இலைக்கும் பழத்துக்கும் அமைந்த உடம்பு;
கத்தியும் நெருப்பும் வந்து கெடுத்தன.

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பல்லைப் பிடித்துப் பார்ப்பதே பிழைப்பு எனக்கு,
முப்பது வருடமாக.
பல் பொய் சொல்லாது.
கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லாது.

முதலில் எநோக்.
ஆயுள் முழுக்கக் கடல்நாய்க் கறி,
தோலைக் கடித்துக் கடித்துத்
தேய்ந்து தரையோடு கிடக்கும் பற்கள்.
ஒரு சொத்தை இல்லை.
தோர்கில் கண்ணாடியை மூன்று முறை துடைத்துவிட்டுப் பார்த்தான்.
அடுத்து பிபாலுக், ஏழு வயது.
வாயைத் திறந்ததும் விளக்கே மங்கியது போலிருந்தது.
நான்கு பற்கள் கருகிய தீக்குச்சிகள்.
கறியும் செய்யவில்லை, கீரையும் செய்யவில்லை இதை.
கடையில்
குளிர்பெட்டிக்குள் சிவப்பாய் நிற்கிறதே
அந்தப் புட்டி.

மாலையில்
அர்னாங்குவாக் பாறைமேல் பனிமான் அறுத்துக்கொண்டிருந்தாள்.
தோர்கில் தள்ளி நின்றான்,
போய்விடவும் இல்லை.
அவள் இரைப்பையைக் கீறினாள்.
ஆவி எழுந்தது.
உள்ளே அவ்வளவும் பச்சை.
கற்பாசி, குட்டை வில்லோவின் தழை, புல்,
பாதி அரைபட்டு, புளித்த வாசத்தோடு.
கொழுப்புத் துண்டை அதில் தோய்த்துத்
தன் வாயில் போட்டுக்கொண்டாள்.
இன்னொன்றைத் தோய்த்து அவனிடம் நீட்டினாள்.
'இலைதான், சாப்பிடு.
நமக்குச் செரிக்காததை
மான் மென்று வைத்துவிட்டுப் போகிறது.'

கையையே பார்த்து நின்றான் அவன்.
கொழுப்பை வழித்துவிட்டுப்
பச்சையை மட்டும் கேட்கலாமா என்று
யோசித்த முகம்.
சாப்பிட்டானா என்று என்னைக் கேட்காதீர்கள்,
நான் அப்போது கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரோரம் கிடந்தது,
போன வருடம் ஏதோ மான் உதிர்த்தது.
கிளை நுனிகளைக் காணோம், யாரோ கடித்திருக்கிறார்கள்.
நரி என்று நினைத்தேன்.
நரிப்பல் குத்தும்; இதில் குழி இல்லை.
தட்டையான கடைவாய்ப்பற்கள்
இருபுறமும் வைத்துக் குதப்பிக் குதப்பி
கவட்டையாய்த் தேய்த்த தடம்.
அந்தப் பல்லை எனக்குத் தெரியும்.
ஆனால் நம்பமுடியவில்லை.

'யார் தின்றது இதை?'
'மான்தான்' என்றாள், தலை நிமிராமல்.
'எலும்பு கிடைத்தாலும் கடிக்கும்.
முட்டை கண்டால் முட்டை.
அதனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது,
அது புல் தின்னும் பிராணி என்று.'

திரும்பும் படகில் தோர்கில் பேசவில்லை.
கடலைப் பையை என் பக்கம் நகர்த்தினான்.
மென்றேன்.
தாடை பக்கவாட்டில்தான் போகிறது,
அவன் சொன்னதில் தப்பில்லை.
நாக்கு தானாகப் போய்
கோரைப்பல்லின் முனையைத் தொட்டுவிட்டு வந்தது.
அதுவும் அங்கேதான் இருக்கிறது.

நோட்டில் எழுதினேன்:
அர்னாங்குவாக், மேல் இடது, ஆறாவது பல்,
விரிசல், மே மாதம் பார்க்கவேண்டும்.
கிளம்பும்போது கேட்டாள்,
எதைச் சாப்பிடக் கூடாது என்று.
எதை வேண்டுமானாலும் சாப்பிடு என்றேன்,
அந்தப் பக்கம் மட்டும் மெல்லாதே.