இடது கால்

மூன்றாவது முறையும் ஆய்வகத்திலிருந்து அதே பதில்:
ரத்தம் உடைந்திருக்கிறது, மறுபடி எடுத்து வா.
பெரம்பூர் சௌபாக்கியம்மா, ஏற்கெனவே கறுத்துப்போன கையை
என் முகம் பாராமல் நீட்டினார்.
ஐஸ் பெட்டி சரி. ஊசி சரி. என் கையும் சரி.
சரியில்லாதது மேக்ஸ் நூறின் முன் ஃபோர்க்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் டங்கென்று அடி தட்டும்.
இடது காலில் கசியும் எண்ணெய்
சுடிதார் ஓரத்தில்
எந்தச் சோப்புக்கும் அசையாத கறை.

கழற்றிப் பார்த்த மெக்கானிக் துளசிங்கம்,
"பைப்பே வளைஞ்சிருக்கும்மா. சீல் மாத்திப் பிரயோஜனமில்ல.
புதுப்பேட்டைக்குப் போ" என்றார்,
பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டெழுதும் டாக்டர் மாதிரி.

ஜி.பி. ரோட்டில் "மேக்ஸா?" என்று சிரித்த பையன்
அந்த வண்டி நின்ற பிறகு பிறந்தவன்.
"சாமுராய் சீல் ஒக்காரும்" என்றார் ஒரு கடைக்காரர்.
"சத்தியமா ஒக்காராது" என்றார் பக்கத்துக் கடை.
இருவர் கையிலும் ஒரே டீக்கடை டம்ளர்.
இரண்டு விதத்திலும் ஒரு ஜோடி வாங்கினேன்.

புதுப்பேட்டையில் அப்போதுதான் மழை விட்டிருந்தது.
கதவுகள் ஒரு சுவரோரம், சக்கரங்கள் ஒரு சுவரோரம்,
ஹாரன்கள் வாய்மூடி ஒரு கோணிக்குள்.
முழு வண்டி என்று ஒன்றுகூட இல்லாத தெருவில்
என் முழு வண்டியை எங்கே நிறுத்துவதென்று தயங்கினேன்.
(நாலு பேர் விலை கேட்டார்கள்.)

தஸ்தகீர் பாய் பரணிலிருந்து இறக்கிய கட்டில்
ஏழு குழாய்கள்.
துரு. துரு. அம்மைத் தழும்பு போலக் குழி.
துரு. நீளம் கம்மி. துரு.
ஏழாவதைத் துணியால் துடைத்ததும்
குரோமில் என் முகம் ஒல்லியாக நீண்டு எழுந்தது.

மேசைக் கண்ணாடி மேல் உருட்டினார்.
அடியில் வெளிச்சம் புகவில்லை.
ஒரு தடதடப்பு இல்லை.
நேராக ஓடி வந்து
என் உள்ளங்கையில் நின்றது.

"இதோட ஜோடி?"
"நேத்து ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாரு. அவருக்கும் ஒண்ணுதான் வேணுமாம்."

பேரம் பேசும் முன்பே, என் நம்பிக்கைக்காகச் சொன்னார்:
"முன்னாடி அடிபட்ட வண்டியே இல்லம்மா.
பின்னாலேர்ந்து லாரி. மாதவரம் பக்கம்.
முன்பக்கம் ஒரு கீறல் இருக்கா, நீயே பாரு."

பார்த்தேன்.
ஒரு கீறல் இல்லை.
அறுநூறுக்குக் கேட்கத் தயாராயிருந்த வாய்
எண்ணூறுக்குச் சரியென்றது.
ஒவ்வொரு குழாயிலும் பெயரும் வயதும் எழுதி ஒட்டுவதே
என் பிழைப்பு.
இந்தக் குழாய்க்கு நான் பெயர் கேட்கவில்லை.

அளவுக் குவளையைத் தேடினார் துளசிங்கம்.
பையிலிருந்து இருபது மில்லி சிரிஞ்சை எடுத்தேன்.
ஊசியில்லாமல் எண்ணெயை உறிஞ்சி
ஒரு காலுக்கு இத்தனை தடவை என்று எண்ணி
மெதுவாக, நுரைக்காமல்.
"உனக்கு இது பழக்கந்தான்" என்றார்.
எனக்கு எடுத்துத்தான் பழக்கம், கொடுத்து இல்லை.

எந்த சீல் உட்கார்ந்தது என்று சொல்லமாட்டேன்.
பக்கத்துக் கடைக்காரர் சத்தியம் செய்திருக்கிறார்.

மறுநாள் காலை ஐந்தரை. ஓட்டேரி. முதல் வேகத்தடை.
முன்பக்கம் தாழ்ந்தது, மென்று விழுங்கியது, எழுந்தது.
பெட்டியில் ஒன்பது பேரின் ரத்தம்
தூக்கம் கலையாமல் வந்தது.
அன்று முழுவதும் ஆய்வகத்திலிருந்து போனே இல்லை.

சனிக்கிழமை மறுபடி புதுப்பேட்டை.
வலப்பக்கம் மட்டும் கண்ணாடி இருந்த வண்டிக்கு
இடப்பக்கமும் ஒன்று.
"இன்னும் என்னம்மா பின்னாடி பாக்கணும்?" என்றார் பாய்.
எழுபது ரூபாய்.
பேரம் பேசவில்லை.
அங்கேயே திருகி மாட்டினேன்,
முழுத் தெருவும் தெரிகிற மாதிரி.