வியாழன் ஏழரை மணி

ஏழரைக்குக் கூட்டம்.
எட்டுக்கு வந்த தலைவர் அடைக்கப்பன்
தாமத உண்டியலில், போன வாரத்துக்கும் சேர்த்து,
எந்தக் கடையும் வாங்காத
பத்து ரூபாய் நாணயம் ஒன்றைப் போட்டார்.

புதுவயல், அவர் அரிசி ஆலை மாடி அறை.
கீழே இயந்திரம் நிற்கும்வரை
யாரும் கத்தித்தான் பேசியாக வேண்டும்.
எங்கள் சேவைச் சங்கத்தில் சண்டை அதிகம் என்று
தெருவில் ஒரு பேச்சு உண்டு.

செயலாளர் நான், பாண்டிமீனாள்.
பேருந்து நிறுத்தத்தில் பிளெக்ஸ் கடை.
சங்கத்து பேனரெல்லாம் அடக்க விலைக்கு நான்தான்:
ஆறுக்கு நாலு,
தலைவர் முகம் கொஞ்சம் பெரிசு,
முன்னாள் தலைவர்கள் யாரும் சிறுத்துவிடாமல்.
இந்தக் கணக்கு எந்தக் கம்ப்யூட்டருக்கும் வராது.

வருகை ஒன்பது பேர்.

கண்டனூருக்குப் போன சக்கர நாற்காலி திரும்பியது.
உட்கார்ந்து போனவரே
தள்ளிக்கொண்டு நடந்து வந்தார்.

தேவகோட்டையில் ஒரு பிரசவம், ஓ நெகட்டிவ்.
எங்கள் பட்டியலில் அந்த ரத்தம் ஆரோக்கியசாமி ஒருவருக்குத்தான்.
பாதிச் சோற்றில் எழுந்து போனார்.
பெண் குழந்தை.
அவருக்கு இன்னும் யாரும் காட்டவில்லை.

பிறகு, பெட்டி.

கண்ணாடி மூடி போட்ட சங்கத்துக் குளிர்பெட்டி.
வாடகை கிடையாது, வண்டிக்கூலி மட்டும்.
பதிவேடு என்னிடம்.
விடியும் முன் என் போன் இரண்டு முறை அடிக்கும்:
முதலில் பெட்டிக்கு,
அப்புறம் பேனருக்கு.
பேரில் பிழை இல்லாமப் போடும்மா என்பார்கள்,
அழுகைக்கு நடுவே எழுத்துக்கூட்டி.

இந்த வாரம் போன் அடிக்கவில்லை.
சாக்கோட்டையில் இல்லை, கோட்டையூரில் இல்லை,
சுற்றுவட்டத்தில் எங்கும் யாரும் போகவில்லை.
வியாழன் தொட்டு புதன் வரை
நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் பெட்டி சும்மா கிடந்தது.
கடையில் வரும்படி பாதி.
இதை வெளியே சொல்ல முடியுமா?

ஞாயிறு கண் முகாம்.
சித்திரை வெயில் பள்ளிக்கூடத் தகரத்தில் ஏறி நின்றது.
ஐஸ் வண்டி வழியில் படுத்துவிட்டது.
இருநூறு மோர் பாக்கெட் கொதித்துக்கொண்டிருக்க,
கம்பிரசர் செத்துவிடாமலிருக்க
வாரம் ஒரு மணி நேரம் பெட்டியை ஓட்டிப் பார்க்கும் சிக்கந்தர்
என்னைப் பார்த்தான்.
நான் வேறு பக்கம் பார்த்தேன்.
"புதுத் துணி விரிச்சுத்தான் அக்கா" என்றான்,
எல்லாம் முடிந்த பிறகு.

சொட்டு மருந்தோடு கண்மூடி
வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் கையில்
ஆளுக்கொன்று வைத்துக்கொண்டே போனோம்.
கொத்தனார் சின்னக்காளை
இரண்டாவது கேட்டு வாங்கி இமைமேல் வைத்துக்கொண்டார்.
"எந்த மகராசன் வீட்டுப் பிரிஜ்ஜு இது,
நல்லா இருக்கட்டும்."

கூட்டத்தில் அமலோற்பவம் டீச்சர் எழுந்தார்.
தப்பு, பெரிய தப்பு,
தெரிந்தால் அந்த முகாமுக்கு
ஒரு கண் கூட வராது.
தேனப்பன், கழுவித்தானே வைத்தோம் என்றார்.
கழுவினால் தீருமா என்று டீச்சர்,
வேறென்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று மற்றவர்கள்,
இயந்திரத்துக்கு மேலே ஒன்பது குரல்.
இல்லை, எட்டு.

அடைக்கப்பன் வாய் திறந்த அந்த நொடி
கீழே அரைவை முடிந்து ஆலை நின்றது.
தொண்டையைக் குறைக்க அவருக்கு நேரமில்லை.
"போன ஐப்பசியில அப்பா அதுலதான் படுத்திருந்தார்"
என்று கத்தினார்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
பிறகு, சாதாரணக் குரலில்:
"அப்பாவுக்கு மோர்னா உசுரு."

யாரும் சிரிக்கவில்லை.
டீச்சர்தான் முதலில் சிரித்தார்,
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதினேன்:

ஞாயிறு, கண் முகாம். பார்க்கப்பட்டவர் நூற்றுப் பன்னிரண்டு.
புரை, முப்பத்தொரு பேர்.
மோர் வழங்கப்பட்டது, நன்கு குளிர்ந்திருந்தது.
குளிர்பெட்டி இவ்வாரம் எவருக்கும் தேவைப்படவில்லை.

அடுத்த பொருள்: சங்கத்துக்குப் பழைய பிரிஜ் ஒன்று வாங்குவது.
நிதி இல்லாததால்
ஒத்திவைக்கப்பட்டது.