மூக்கு வழக்கு

அப்போது மல்லாகம் கோட்டில் நான் துவிபாஷி.
மற்றவர் வாயில் இருந்து விழுவதை
துரையின் மேசையில் எடுத்து வைப்பது தொழில்.
மாதம் நாற்பத்தைந்து ரூபா.
கறுப்புக் கோட்டு என் செலவு.

மானநட்ட வழக்கு. இலக்கம் மறந்து போச்சு.
வழக்காளி ஏழாலை கதிராசிப்பிள்ளை.
எதிராளி அவளுடைய மச்சாள் நன்னிப்பிள்ளை.
ஒரே வளவு, ஒரே கிணறு,
எட்டில் மூன்று பங்கு இவளுக்கு,
மிச்சம் அவளுக்கு.

தை மாதம். புகையிலைக்கு இறைப்பு.
இன்றைக்கு ஆருடைய முறை என்று தொடங்கி
நிலம் வெளிக்குமுன் வாய் நீண்டு
போன வருட வேலிக்கதியால் வரை போய்
நன்னிப்பிள்ளை மண்வெட்டியைக் கீழே வைத்தாளாம்.
வைத்துவிட்டு, சத்தம் போடாமல்,
ஒன்று கேட்டாளாம்:

"உன்ரை பெடியன்ரை மூக்கு ஆற்றை மூக்கு?"

நான் அதை இங்கிலீசில் வைத்தேன்.
பிழையில்லாத இலக்கணம்.
துரை பேனையை நிறுத்தினார்.
"கேள்விதானே? இதில் அவமானம் எங்கே?"

அந்தக் கேள்விக்குள்
சாத்தாத ஒரு படலை இருக்கிறது ஐயா,
குரைக்காமல் இருந்த ஒரு நாய் இருக்கிறது,
கதிராசியின் புருஷன்
மலாயா றெயில்வேயில் கணக்கெழுதிய
மூன்று வருடமும்
இடையில் அவன் வந்துபோன ஒன்றரை மாதமும் இருக்கிறது.
சொல்ல வாய் எடுத்தேன்.
"சொன்னதை மட்டும் சொல்லும், முதலியார்."

சாட்சி, துலா மிதித்த கணவதி.
"நான் மேலை நிண்டனான் ஐயா.
மேலை நிக்கிறவனுக்கு எல்லாம் கேக்கும்."
கேட்டு என்ன செய்தாய்?
"இறங்கினால் துலா கிளம்பிப்போம். நிண்டனான்."

என்ன கேட்டாள், திருப்பிச் சொல்.
சொன்னான்.
உரக்கச் சொல்.
சொன்னான்.
குறுக்கு விசாரணையில் இரண்டு தரம்,
அடுத்த சாட்சி, அதற்கடுத்த சாட்சி,
ஒவ்வொரு தரமும் பின்னால் நான், இங்கிலீசில்.
கிணற்றடியில் மூன்று பேர் கேட்டது.
கோட்டில் வாங்கு நிறைய ஆட்கள்,
யன்னலில் சுருட்டுக் கொட்டில் பெடியள்,
கூசாக்காரன் தண்ணீர் வார்க்க மறந்து நின்றான்.
கதிராசி முந்தானையைக் கையில் சுற்றினாள்,
அவிழ்த்தாள், சுற்றினாள்.
மானம் கேட்டு வந்தவள் அவள்தான்.

எதிராளியின் பிரக்கிராசி எழும்பினார்.
பையன் வரட்டும் என்றார். கோடு பார்க்கட்டும்.

சிவகடாட்சம், வயது பதினொன்று.
திருநீறு. பள்ளிக்கூடச் சட்டை, மேல் பொத்தான் இல்லை.
கூண்டு அவனுக்குக் கழுத்தளவு.
ஏறியதும் உள்ளங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.
ஆரோ சிரித்தார்கள்.
துரை இங்கிலீசில் கையை எடுக்கச் சொன்னார்.
"கையை எடு, தம்பி" என்றேன்.

தம்பி என்பது துரை சொல்லாதது.
பதினாறு வருட உத்தியோகத்தில்
நான் கூட்டிச் சொன்ன ஒரே சொல்.

அவன் எடுத்தான்.
எல்லோரும் பார்த்தோம்.
நானும்தான்.

தீர்ப்பு: வழக்காளிக்கு இருபத்தைந்து ரூபா.
பையனின் மூக்கில் விசேடமாய் எதுவும் இல்லையென
துரை எழுதியிருந்தார்.
அதையும் நான்தான் தமிழில் வாசித்தேன்,
தெளிவாக, கடைசி வாங்குக்கும் கேட்க.
பிரக்கிராசிக் கூலி முப்பது.
வெளியே மோர்ப் பந்தலில்
தாய் கொடுத்த பேணியைப் பையன் வாங்கவில்லை.

அடுத்த இறைப்புக்கு
இரண்டு பேருக்கும் கணவதிதான் மிதித்தானாம்.

அன்று பின்னேரம் முகம் வழிக்கையில்
கண்ணாடியில் கொஞ்சம் கூடுதலாக நின்றேன்.
நடுவில் மெல்லிய முடிச்சு, இடப்பக்கம் சாய்வு.
அப்படியே அப்பாவின் மூக்கு என்று
சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்வார்கள்.
நான் ஒருவரிடமும் கேட்டதில்லை.