புயல் காலத்து விலை

டிசம்பரில் அந்தத் தீவுக்கு ஆளுக்கு
இரண்டாயிரத்து நானூறு டொலர்.
செப்டெம்பரில் அதே அறை, அதே கட்டில்,
கட்டிலில் துவாயை மடித்துச் செய்த அதே அன்னச் சோடி,
பாதி விலை.
ஏனென்று தேடினால் அடியில் எறும்பெழுத்தில்
புயல் காலம் என்று போட்டிருக்கிறார்கள்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை
நீ வின்னிபெக் நகரசபையின் சொத்து.
பனி கொட்டத் தொடங்கினால் தொலைபேசி அடிக்கும்.
எழும்பி, என் நெற்றியில் ஒருக்கால் முட்டிவிட்டு,
தெரு வழிக்கப் போய்விடுவாய்.
எங்களுக்கு மிஞ்சுவது கோடை.
தீவுக்கு அப்போதுதான் காற்றுப் பிடிக்கிறது.

உன் பனிக்கும் அதன் புயலுக்கும் நடுவில்
ஒரு கிழமை தேடுகிறோம், கௌரீசன்,
கலியாணமாகிப் பதினான்கு மாதமாக.

எங்கே போனீர்கள் என்று பல் கிளினிக்கில் கேட்டார்கள்.
போகப்போகிறோம் என்றேன்.
எதிர்காலம் நல்ல காலம்.
அதற்கு யாரும் படம் காட்டச் சொல்வதில்லை.

குசினி மேசையில், புளிக்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில்
மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு
நீ கேட்கிற கேள்விகள்:
சோறு கிடைக்குமா.
மூன்று நேரச் சாப்பாடும் குடியும் உட்பட என்கிறேன்.
"நாங்கள் குடிக்கிறேல்லையே,
அந்தக் காசைக் கழிப்பினமோ?"

படத்தில் ஒருத்தி முதுகால் மிதக்கிறாள்.
ஒரு கையில் கோப்பை, கோப்பையில் அன்னாசித் துண்டு.
அவளை இரண்டு பேரும் கனநேரம் பார்த்தோம்.
பிறகுதான் நான் சொன்னேன், எனக்கு நீந்தத் தெரியாது.
நீ கடலைப் பார்த்து வளர்ந்தவன் என்று
தரகர் அடித்துச் சொல்லியிருந்தார்.
பார்த்தது மட்டும்தானாம்.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமைகளில்
நகரசபைக் குளத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில்,
ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அடுத்த வரிசையில் நிற்கிறோம்.
பழக்குகிற பிள்ளைக்குப் பத்தொன்பது வயதிருக்கும்.
சுவரை விடுங்கோ என்கிறாள்.
சுவர் எங்களை விட்டால்தானே.

குழாய் விளக்குகள் எல்லாம் எரிய
அங்கே உன் முதுகைப் பார்த்தேன்.
இடத் தோளுக்குக் கீழே அரிசியளவு மச்சம்.
பதினான்கு மாதம்
இருட்டில் வந்து இருட்டில் போகிறவனுக்கு
முதுகு இருப்பதே மறந்துபோயிருந்தது.

காது நனையட்டும், அப்போதுதான் மிதக்கலாம் என்றாள்.
நனைத்தேன்.
பிள்ளைகளின் கூச்சல், விசில், பழக்குகிறவளின் குரல் எல்லாம்
பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின.
முதுகுக்குக் கீழே உன் கை இருந்தது.
எப்போது எடுத்தாய் என்று கேட்டேன்.
சொல்லமாட்டேன் என்கிறாய், இன்றுவரை.

வெளியே மைனஸ் பதினெட்டு.
காருக்கு நடந்த நாற்பது அடிக்குள்
என் ஈரப் பின்னல் முருங்கைக்காயாய் விறைத்தது.
அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னாய்,
"செப்டெம்பரையே எடுப்பம்.
காத்தடிச்சா உள்ளுக்க இருப்பம்."
அந்த அன்னங்களை என்ன செய்வதென்று கேட்டேன்.
ஹீற்றரைக் கூட்டினாய், பதில் சொல்லவில்லை.
காது மட்டும் சிவந்தது. குளிராகவும் இருக்கலாம்.

வீடு வந்து சோறு போட முதல் பனி தொடங்கிவிட்டது.
தொலைபேசி. நெற்றியில் ஒரு முட்டு.
பாதிச் சோறு கோப்பையில்.

இப்போது மணி இரண்டு.
உன் வண்டியோ வேறொருவனுடையதோ,
மஞ்சள் விளக்கு சுழன்று
குசினிச் சுவரில் ஒருதரம் ஏறி இறங்கிப் போகிறது.
நான் அட்டை எண்ணைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறேன்.
செப்டெம்பர் ஒன்பது, இரண்டு பேர், ஒரு கட்டில்.
என்ன நடந்தாலும் பணம் திருப்பித் தரப்படாது
என்ற பெட்டியில் சரி போடுகிறேன்.
தொண்ணூறு டொலர் மலிவு.