பதினொரு நொடிக் கரை

நகராட்சிப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்:
கடற்கரையின் நீளம், கிலோமீட்டரில்.
இந்த வருட மானியம்
அந்தக் கட்டத்தை நம்பி இருக்கிறது.

நான் ராக்ன்ஃப்ரிட்.
ஸ்கார்வ்ஹோல்ம் தீவின் வரைபடத்தைத் திருத்தித் திருத்தியே
இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியவள்.
கவராயத்தை ஒரு கிலோமீட்டருக்கு அகட்டி
தாளின் மேல் நடக்கவிட்டேன், நாரை நடப்பதுபோல்.
முப்பத்தொன்று.
நூறு மீட்டருக்கு ஒடுக்கினேன்.
முன்பு தாண்டிப்போன குடாக்களுக்குள் எல்லாம்
இப்போது இறங்கி ஏற வேண்டியிருந்தது.
ஐம்பத்தெட்டு.

பிறகு ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு
ஒரு மீட்டர் கோலோடு நேரிலேயே போனேன்.
வரைபடத்தில் கட்டைவிரல் நகம் மறைத்துவிடும் குடா,
அரை நாள் ஆகியும் முடியவில்லை.
பாறைக்குள் பிளவு
பிளவுக்குள் கீறல்
கீறலில் ஒட்டிய சிப்பி
சிப்பியின் விளிம்பில் ஒரு முனை, ஒரு குடா, ஒரு முனை.
கிட்டப் போனால் எளிதாகிவிடும் என்று
யாரோ நமக்குப் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் தீவு கூடவில்லை, குறையவில்லை.
நாற்பது ஆடுகளுக்கு நேற்றும் புல் இருந்தது,
இன்றும் இருக்கிறது.
விளிம்புதான்
அளக்க அளக்க நீள்கிறது.

அந்த வாரம்தான்
சூப் குடித்துக்கொண்டிருந்த தம்பி ஐவிண்டின் கரண்டி
பாதி வழியில் நின்றது.
கண்மூடித் திறக்கும் நேரம் என்பார்கள்;
அவன் மூடவேயில்லை.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.
பதினொரு நொடி.
பிறகு சூப்பைக் குடித்து
உப்பு குறைவு என்றான்.

பூடோ மருத்துவமனையில் டாக்டர் சுன்னிவா
அவன் மூளையின் கோட்டைத் திரையில் விரித்தார்.
ஒரு நிமிடத்தின் கோடு, மேடும் பள்ளமுமாய்.
ஒரு நொடியைப் பெரிதாக்கினார்,
அதே மேடு, அதே பள்ளம்.
நொடியில் பத்தில் ஒன்று,
மறுபடியும் கிட்டத்தட்ட அதே.
எங்கள் வடக்குக் கரை மாதிரி இருந்தது.
சொல்லவில்லை.
எதைப் பார்த்தாலும் கரையாகத் தெரிகிற தொழில் எனக்கு.

"எவ்வளவு நேரம் நினைவில்லாமல் இருந்தீர்கள்?"

"அக்கா பதினொரு நொடி என்கிறாள்.
எனக்கு…
கரண்டியின் குழியில் தலைகீழாக நான் தெரிந்தேன்.
அந்த என் கையிலும் கரண்டி.
அதன் குழியிலும் ஒருவன்,
அவனும் சூப் ஆறட்டும் என்று காத்திருந்தான்.
ஒவ்வொருவனாகப் பார்த்துவிட்டு வந்தேன்.
எண்ணுவதற்கு மட்டும்
யாரும் இல்லை."

டாக்டர் 'பதினொன்று' என்று எழுதிக்கொண்டார்.

திரும்பும் படகில் காற்று முகத்தை அறைந்தது.
பள்ளியில் படித்த கணக்கு ஒன்றை நினைவுபடுத்தினான்:
ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கு,
கொஞ்சம் கூட்டு,
வந்த விடையை அதே வாயில் மறுபடி ஊட்டு.
சில எண்கள் கட்டறுத்து ஓடிவிடும்.
சில ஓடாமல் சுற்றிச் சுற்றி அங்கேயே கிடக்கும்.
இரண்டுக்கும் நடுவே ஒரு கரை,
அதற்கும் நீளம் கிடையாது.
"தன்னையே தின்று
தன்னையே தருகிற கணக்கு, ராக்ன்ஃப்ரிட்.
ஓடிப்போகாத வரைக்கும்
அதற்கு ஐவிண்ட் என்று பேர்."
சால்மன் கூண்டுகளுக்குத் தீனி போடுகிறவன் பேச்சு இது.
அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நேற்றிரவு மேசையில் படிவம், கவராயம், நான்.
முப்பத்தொன்றா ஐம்பத்தெட்டா?
எந்தக் கோலால் என்று கேட்க
அந்தப் படிவத்தில் இடமில்லை.
ஐவிண்ட் வந்து கவராயத்தை எடுத்தான்.
மெல்ல மெல்ல மூடினான்,
இரண்டு முனையும்
ஒன்றையொன்று தொடும் வரை.
மூடியதைத் தாளின் மேல் நிறுத்தி
"இப்போது எவ்வளவு?" என்றான்.

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.