அறுபத்தைந்து விழுக்காடு

மார்ச் பத்தொன்பது.
லான் ஆறு தவிட்டு நிறத்தில் ஓடுகிறது.
மார்பர்க் பல்கலைக்கழக உணவுக்கூடத்தின் பின்கட்டில்
தட்டுக் கழுவும் இயந்திரத்தின் வாயருகே நான்.
ஆவியடித்துக் கண்ணாடி மங்கும்போதெல்லாம்
துடைத்துவிட்டு முதலில் பார்ப்பது
தட்டை அல்ல, போனை.

வேலை முடிந்து
மேல்நகரத்துக்கு ஏற்றும் லிஃப்டில் நிற்கும்போது
சிக்னல் கிடையாது.
ஒரு நாளில் எனக்கு நிம்மதி
அந்த நாற்பது நொடிதான்.

யேனாவிலிருந்து கடிதம் வந்து எட்டு நாள்.
மூன்று வருடம். சம்பளம் அறுபத்தைந்து விழுக்காடு,
வேலை மட்டும் முழுசு.
"இது அதிகமில்லை என்று எனக்கே தெரியும்"
என்று பேராசிரியர் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்.
அந்த வரிக்காகவே போய்விடலாம் என்றிருந்தது
ஒரு சாயங்காலம் முழுக்க.

டண்டீயில் கட்டணம் கிடையாது.
சோறும் கிடையாது.
முத்திரை பதித்த அழகான தாளில்
பட்டினி கிடக்கப் பெருமகிழ்ச்சியோடு அழைக்கிறார்கள்.

பேக்கரிப் பையின் முதுகில் கணக்குப் போட்டேன்.
அறை வாடகை, காப்பீடு, ஜூனில் முடிகிற விசா,
தூத்துக்குடி வங்கிக்கு மாதம் பதினெட்டாயிரத்து நானூறு.
அங்கிருந்து கூப்பிடுகிறவர் பெயர் அந்தோனி குரூஸ்.
மரியாதையான மனிதர்.
"என்னம்மா, ஏதும் தாக்கல் உண்டா?" என்று
என்னைப் பெற்றவர்களைவிட அடிக்கடி கேட்கிறார்.
கூட்டுத்தொகை எழுதவேண்டிய இடத்தில் வெண்ணெய்க் கறை.
பேனா பிடிக்கவில்லை.

சூரிச் மட்டும்தான் முழுச் சம்பளம்.
மீனின் செவிக்குள் இருக்கும் கல்லை
மெல்லிசாகச் சீவி வளையம் எண்ணுகிற ஆராய்ச்சி.
இரை கிடைத்த வருடம் அகலமாயிருக்கும்,
கிடைக்காத வருடம் மயிரிழை.
சாளையின் தலையை அரிவாள்மனையில் தள்ளும்போதெல்லாம்
அதற்குள் ஒரு நாட்குறிப்பு இருந்தது
என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

சூரிச் எழுதியது:
காத்திருப்போர் வரிசையில் நீங்கள் இரண்டாவது.

"அப்படியென்றால்
இரண்டு பேருக்கு வேறெங்காவது நல்லது நடக்கவேண்டும்"
என்றாள் அறைத்தோழி நினோ,
பீன்ஸ் வைத்த ரொட்டியைப் பிட்டு
பெரிய பாதியை என் பக்கம் தள்ளி.

அன்றிலிருந்து
முகம் தெரியாத இருவருக்காக வேண்டிக்கொள்கிறேன்.
பனிமய மாதாவே, அவர்களுக்குக் கோபன்ஹேகன் கிடைக்கட்டும்.
காதலனோ காதலியோ வேறு ஊரில் இருக்கட்டும்.
சூரிச் வாடகையைப் பார்த்து
மூத்தவருக்காவது மயக்கம் வரட்டும்.
இவ்வளவு மனசார நான்
உறவுக்காரர்களுக்குக்கூட வேண்டியதில்லை.

இருபத்தேழாம் தேதி இரவு
சமையலறை மேசையில் அந்தப் பை.
புரட்டினேன்.
மறுபக்கத்தில் வேறு கையெழுத்து,
கொடிபோல் சுருண்ட ஜார்ஜிய எழுத்துகள்,
எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.
ஆனால் எண்கள் எல்லோருக்கும் பொது.
அறுபத்தைந்து.
மூன்று.
அடியில் ஒரு வாடகை,
இந்த ஊர் வாடகை அல்ல.

எட்டு நாளல்ல, பதினாறு நாள்.
யேனா, யேனா என்று
நான் இந்த மேசையில் உட்கார்ந்து புலம்பிய
அத்தனை இரவும்
எனக்குப் பின்னால் அடுத்த ஆளாக நின்று
தேநீர் ஊற்றியிருக்கிறாள்.
ஒரு முறைகூடக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பையை இருந்தபடியே வைத்தேன்.
அறைக்குப் போய் யேனாவுக்கு எழுதினேன்:
மிக்க நன்றி, வருத்தத்துடன், வேறொரு வாய்ப்பு.
வேறொரு வாய்ப்பை அழித்தேன்.
வருத்தத்தை அழித்தேன்.
நன்றி மட்டும் தனியாக நின்றது,
அதை எப்படி அனுப்புவது?

முப்பத்தொன்று வரை கெடு.
சுவருக்கு அப்பால் நினோ இருமுகிறாள்,
தூங்கவில்லை.
சூரிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு எங்கோ ஒருவர்
இதே நேரம் விழித்திருப்பார்.
நல்ல மனிதராகத்தான் இருப்பார்,
என்னைப் போல
என்று நினைத்தேன்.

அப்போதுதான் பயம் வந்தது.